வேண்டுதலுக்கு வளர்த்த முடி

மகள் பிறந்த மூன்றாம் நாள் என் மனைவிக்கு ஜன்னி கண்டது. பிரசவ ஜன்னி கண்டு பிழைத்தவள் என்று கோட்டைக்குப்பத்தில் ஒருத்தியைக்கூட எனக்குத் தெரியாது. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் குடிசைக்குப் பின்னால் போய் மேற்குப் பார்த்து நின்றேன். அவள் பிழைத்தால், பிள்ளைக்கு மூன்று வயது முடியும்வரை என் தலையில் கத்தி வைப்பதில்லை, வளர்ந்ததை வளர்ந்தபடியே திருமலைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டும்போது அது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. முடி தானாக வளரும். அதில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

அவள் பிழைத்தாள். எப்படி என்று மருத்துவச்சிக்கும் புரியவில்லை. கண் திறந்ததும் தண்ணீர் கேட்டாள், அப்புறம் பிள்ளையைக் கேட்டாள். உட்காரத் தெம்பு வந்த பிறகு வேண்டுதலைப் பற்றிச் சொன்னேன்.

"மூணு வருசமா?" என்றாள். "ஒரு வருசம்னு சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

அப்போது இருவரும் சிரித்தோம்.

அதுவரை நானும் எல்லோரையும் போல முன்மண்டையை மழித்துப் பின்னால் குடுமி முடிந்தவன்தான். ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்த உலாந்தாக்காரரின் கோட்டைத் துறையில் எனக்கு வேலை. பழவேற்காட்டிலிருந்து போகும் துணிப் பொதிகளைச் சலங்கில் ஏற்றி, ஏரியைக் கடந்து, முகத்துவாரத்தின் அலைகளைத் தாண்டி, ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சலங்கு என்பது ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு. அலையில் விழுந்தாலும் வளைந்து கொடுக்கும். எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள். நான் பின்னால் நின்று சுக்கான் துடுப்பைப் பிடிப்பேன். நின்றுகொண்டே செய்யும் வேலை அது. காற்றெல்லாம் தலையில்தான் அடிக்கும்.

முதல் ஆறு மாதம், மழித்த இடத்தில் முளைத்த முடி காதைச் சுற்றிக் குத்திக்கொண்டு நின்றது. கட்டவும் வராது, விடவும் முடியாது. பிறகு தோளுக்கு வந்தது. தோளுக்கு வந்ததும்தான் அது ஒரு வேலை என்று தெரிந்தது. கடல் தண்ணீர் பட்டு, வெயிலில் காய்ந்து, சாயங்காலம் அவிழ்க்கும்போது தேங்காய் நாரைப் போல் இருக்கும். நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் மண்டை அரிக்கும். எங்கள் குப்பத்தில் நல்ல தண்ணீர் என்பது மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்க அகப்பையில் மொண்டு எடுப்பது. கோடையில் அதுவும் கரித்துப்போகும். என் மனைவி விடிவதற்கு முன்னே எழுந்து போய்க் காத்திருந்து ஒரு குடம் கொண்டுவருவாள். அதில் பாதி என் தலைக்குப் போகும். பேன் வந்தது. ஈர் வந்தது. அதை எடுக்கவும் அவள்தான் உட்கார வேண்டும். மழைக்காலத்தில் முடி காயவே காயாது. ஈரத்தலையோடு படுத்து, ஈரத்தலையோடு எழுந்து, கழுத்து எப்போதும் கனத்துக் கிடந்தது.

இரண்டாம் வருடம் மழை விட்ட கையோடு ஊரில் ஒரு காய்ச்சல் வந்தது. கோட்டைக்குள்ளும் விழுந்தார்கள், குப்பத்திலும் விழுந்தார்கள். நான் ஒரு பட்சம் முழுக்கப் பாயில் கிடந்தேன். எழுந்து வேலைக்குப் போய், உடம்பு தேறிவிட்டது என்று நினைத்திருந்த சமயத்தில்தான் முடி கொட்ட ஆரம்பித்தது.

முதலில் கூழில் ஒன்று கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். அப்புறம் பாயில், தோளில், பிள்ளையின் விரலிடுக்கில். ஒருநாள் அலசும்போது கையோடு ஒரு கொத்து வந்தது. கையை உதறினேன், போகாமல் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை தலையில் கைவைக்கவே பயமாக இருந்தது. சுக்கான் துடுப்பின் பிடியில் நூல் சுற்றியதுபோல் சுற்றிக் கிடக்கும். முன் துடுப்புப் போடுகிறவன் என் மச்சான், என் மனைவிக்கு அண்ணன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா மாப்ள, சலங்கு தைக்கக் கயிறு பத்தலன்னா உன் தலயத் தடவுனாப் போதும் போல கீதே!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து தலைப்பாகையை அவிழ்க்கும்போது அதன் மடிப்பில் கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வராது. சொந்த முடியாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது கொடுப்பதாகச் சொல்லிவிட்ட முடி. அடுத்தவன் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுகவிடுவதுபோல் இருந்தது.

என் நைனாவுக்கு அந்த வயதிலும் குடுமி கைக்கு அடங்காது. என்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆத்திரம் வந்தது.

"நம்ம வம்சத்துல எவனுக்குடா இப்பிடிக் கொட்டிச்சு? எவனோ கண்ணு வச்சிட்டான்."

கண் வைத்ததற்கு மிளகாய் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினோம். அப்புறம் கரிசலாங்கண்ணிச் சாற்றை எண்ணெயில் காய்ச்சித் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். தேய்த்த கையில் இன்னும் அதிகமாக வந்தது. வெந்தயம் அரைத்துப் பூசினோம். செம்பருத்தி இலையைக் கசக்கிப் பூசினோம். ஆட்டுப்பாலைத் தலையில் ஊற்றினால் நிற்கும் என்று பசியாவரத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னார். அதையும் செய்தோம். ஈ மொய்த்ததுதான் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் யாராவது அரைக்க வேண்டும், காய்ச்ச வேண்டும், அலச வேண்டும். அரைத்தவளும் காய்ச்சியவளும் அலசியவளும் ஒரே ஆள்தான்.

அவள் ஒருத்திதான் பயப்படவில்லை.

"பொம்பளைங்களுக்கு ஒவ்வொரு பிரசவத்துக்கும் இப்பிடித்தான் கொட்டும்," என்று ஒருநாள் அம்மியில் கை வைத்தபடியே சொன்னாள். "இவ பொறந்து மூணாம் மாசம் எனக்குக் கொட்டல? சீப்பே நெறஞ்சி போவும். ஒடம்பு ஒரு அடி வாங்கினா, கொஞ்சம் பொறுத்து முடி போவும். நீ காய்ச்சல்ல படுத்த. அதான்."

"உனக்குக் கொட்டிச்சா?"

"கொட்டிச்சு. இன்னா பண்றது? நானா வேண்டிக்கிட்டேன், ஊரக் கூட்டிக் காட்ட?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அரைக்கிற வேலையில் மூச்சு வாங்கச் சொன்னாள். நான் அவள் தலையைப் பார்த்தேன். கொண்டை சின்னதாகிவிட்டிருந்தது. வகிடு அகலமாகத் தெரிந்தது. தானாக நிற்கும், விடு என்றாள். நானும் விட்டேன். ஆனால் அது நின்றபாடில்லை.

அலசினால் கொட்டுகிறது என்று அலசுவதை நிறுத்திப் பார்த்தேன். உப்பும் எண்ணெயும் சேர்ந்து சிக்கு விழுந்தது. சிக்கெடுத்தபோது, அலசியிருந்தால் போயிருக்கக் கூடியதைவிட அதிகமாகப் போனது. கொட்டியதையெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு ஓலைப்பெட்டியில் போட்டுக் கூரையில் செருகி வைத்தேன். பெருமாளுக்குச் சொன்னதைக் குப்பையில் எப்படிப் போடுவது? கொஞ்ச நாளில் பெட்டி இளைத்துக்கொண்டே வந்தது. பார்த்தால் சிட்டுக்குருவி ஒன்று அதிலிருந்து இழுத்து இழுத்துக் கொண்டுபோய், பின்பக்கக் கூரையில் கூடு கட்டியிருந்தது. என் மனைவி அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜன்னிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பெட்டியோடு எடுத்துக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டையின் எழுத்தருக்கும் எனக்கும் ஒரு பேச்சு நடந்தது. பொதிகளோடு கப்பல்வரை வந்து சரிபார்த்துவிட்டுப் போகும் உலாந்தாக்காரர் அவர். இளவயதுக்காரர்தான். எப்போதும் பொய்முடி வைத்திருப்பார். வெள்ளை மாவு பூசிய, காதுக்கு மேலே சுருள் சுருளாக நிற்கும் பொய்முடி. எங்கள் ஊர் வெயிலில் அதை வைத்துக்கொண்டு அவர் வேர்ப்பதைப் பார்த்தால் எங்களுக்கு வேர்க்கும். அன்று நடு ஏரியில் காற்று செத்துவிட்டது. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. துடுப்புப் போடுகிறவர்களைக் கொஞ்சம் இளைப்பாறச் சொன்னேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். கோட்டைக்காரர் வேறு யாரும் இல்லை. பொய்முடியைக் கழற்றிப் பொதியின் மேல் வைத்தார்.

உள்ளே தலை திட்டுத் திட்டாக இருந்தது. சில இடத்தில் சிவப்பாகப் பூனைமுடி, சில இடத்தில் வெறும் தோல். என் மச்சான் குனிந்து துடுப்பைப் பார்த்துக்கொண்டான். அவர் என் தலைப்பாகையிலிருந்து வழிந்து கிடந்த முடியைப் பார்த்தார். இரண்டு விரலால் தன் தலையைத் தொட்டு, பிறகு என்னைக் காட்டினார்.

"உனக்கும் காய்ச்சல்?" அவருக்கு வந்த தமிழ் அவ்வளவுதான்.

"ஆமாங்க."

"எனக்கும். எல்லாம் போச்சு." கையால் ஊதிவிட்டதுபோல் காட்டினார். அப்புறம் சிரித்தார். களைத்த சிரிப்பு. என் முகத்தில் அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொய்முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். ஈரமாக, கனமாக, புளித்த மாவு வாசனையோடு இருந்தது. மாவுக்கு அடியில் முடி நல்ல கருப்பு.

"இது யாரோட முடிங்க?"

அவர் தோளைக் குலுக்கினார். "தெரியாது. எங்க ஊர். ஏழைப் பொம்பளை விக்கும்." வார்த்தை தேடி, கத்தரிக்கோல் போல விரலைக் காட்டினார். பிறகு அதைத் தலையில் வைத்துக்கொண்டார். துடுப்புகள் தண்ணீரில் இறங்கின. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலையைத் தொட்டு, எப்படி என்று கண்ணால் கேட்பார். நானும் கையை விரிப்பேன். இரண்டு மழைக்காலம் கழித்து அவர் கப்பலேறிப் போய்விட்டார்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ ஒரு பொம்பளையோட முடியா?"

"ஆமாம்."

"வெட்டிக் குடுத்தவ அப்புறம் எப்பிடி இருந்திருப்பா?" என்றாள். நான் அதை யோசித்திருக்கவில்லை. பிள்ளையைத் தட்டிக்கொண்டே, "லேசா இருந்திருக்கும்," என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

முடி இப்போது முதுகு நடுவரை இருந்தது. ஆனால் நீளம்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் எலிவால் அளவு. முடிச்சுப் போட்டால் நிற்காது, வழுக்கி அவிழும். அடர்த்தியான முடியைக் கட்டிவைக்கலாம், மழித்த தலையைத் துடைத்துவிடலாம். இந்த அரைகுறை முடிதான் எதற்கும் அடங்காது.

பங்குனியில் ஒருநாள் கப்பலில் பொதிகளை இறக்கிவிட்டு வெறும் சலங்கோடு திரும்பினோம். தெற்கே இருந்து காற்று வீசியது. முகத்துவாரத்தில் பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும், ஓய்ந்ததும் சின்ன இடைவெளி கிடைக்கும். அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். பார்க்க வேண்டியவன் நான். இடைவெளி வந்தது. "போடு!" என்று கத்தினேன். அந்த நேரம் தலைப்பாகை காற்றில் பறந்தது. முடி அவிழ்ந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரோடு கண்ணில், வாயில். ஒரு கையை எடுத்து விலக்கினேன். அந்த ஒரு கணம் சுக்கான் ஒற்றைக் கையில் நின்றது. சலங்கு பக்கவாட்டில் திரும்பியது. பின்னால் வந்த அலை தூக்கிக் கவிழ்த்தது.

எல்லோரும் நீந்தத் தெரிந்தவர்கள். மணல் திட்டு பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொருவராகக் கரையேறினோம். என் மச்சான் மட்டும் ஒரு கையால் நீந்தி வந்தான். துடுப்பு அடித்து அவன் தோளெலும்பு முறிந்திருந்தது. மணலில் மல்லாந்து கிடந்தவன் என்னைப் பார்த்தான். நான் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றேன்.

"மாப்ள," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "பெருமாளாண்ட நானும் வந்து பேசறேன்டா. சீக்கிரம் எடுத்துக்கச் சொல்லு."

தோளில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய பிறகு நைனா என்னிடம் கத்தினார். நாளைக்கே சிரைத்துவிடு, வேண்டுதலை அப்புறம் பார்க்கலாம் என்றார். மூன்று வயதுக்கு இன்னும் பல மாதம் இருந்தது. முன்னால் கொடுத்தால் சொன்ன சொல் தவறும், கொடுக்காமல் சிரைத்தால் அதைவிட மோசம், வைத்திருந்தால் இன்னொரு அலை. எனக்கு யோசிக்கவே அலுப்பாக இருந்தது. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனைப் பார்த்துவிட்டு என் மனைவி வந்தாள். என் எதிரில் உட்கார்ந்தாள்.

"திருமலைக்குப் போலாம். இந்த வாரமே."

"மூணு வருசம்னு சொல்லிட்டேன்."

"நீ எனக்காகத்தான வேண்டிக்கிட்ட? பொழச்சது நானு. நான் சொல்றேன், போதும்."

"பெருமாள் ஒத்துக்கணுமே."

"ஒத்துக்கலன்னா என்னக் கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்த வாரமே புறப்பட்டோம். ஏரியின் மேற்குக் கரைவரை படகில் போனோம். அங்கிருந்து அறுப்பு முடிந்த நெல் வயல்களின் ஓரமாக நடந்தோம். பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கினோம். வழியில் எங்களைப் போலவே சடையும் தாடியுமாகப் போகிறவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு உழவர் தன் முடியைத் தூக்கிக் காட்டி, மாடு பிழைக்க வளர்த்தேன், மாடு செத்துப்போச்சு, இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே என்று நடந்துகொண்டே சொன்னார். அவருக்கும் நெற்றிக்கு மேலே வழித்துவிட்டதுபோல் இருந்தது. கொட்டுதா என்று கேட்டேன். "கொட்டாம?" என்றார். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மலை ஏறி முடித்ததும் நேரே முடி இறக்கும் இடத்துக்குப் போனோம். நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. அவர் தலையில் தண்ணீர் தெளித்து, ஈர விரலால் முடியை ஒதுக்கி, மண்டையைத் தடவிப் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போனது. மடியில் விழுந்ததைப் பார்த்தேன். இரண்டரை வருடமாக நான் தூக்கித் திரிந்தது, ஒரு கைப்பிடிக்கும் குறைவு. அதை அவர் குவியலோடு ஒதுக்கினார். குவியலில் போனதும் எது என்னுடையது என்று தெரியவில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். காற்றுதான் வந்தது. தலை முழுக்கக் குளிர்ந்தது.

அடுத்து பிள்ளைக்கு முதல் முடி எடுத்தார்கள். கத்திக் கத்திச் சிவந்துபோனாள். அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், என் மனைவி நாவிதர் முன்னால் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைங்க மூணு இழ குடுத்தாப் போதும்மா," என்றார் அவர்.

"முழுசா எடு."

"புருசன் கூட நிக்கிறாரே..."

"அவருக்குத் தெரியும். எடு."

எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. நாவிதர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஜன்னிக்குப் பிறகு மெலிந்து, கொட்டி, மறுபடியும் கொஞ்சம் வளர்ந்திருந்த அவள் முடி மடியில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் உள்ளங்கையால் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"ஏன்டி?" என்றேன், தலை முழுகக் குளத்துக்குப் போகும்போது.

"பொழச்சது நானு. குடுக்கறது மட்டும் நீயா?" என்றாள். நாலு எட்டு வைத்த பிறகு, "எனக்கும்தான்யா கழுத்து வலிக்குது," என்றாள்.

ஊருக்கு வந்தபோது அவளைப் பார்த்து நைனா திடுக்கிட்டுப்போனார். புருஷன் இருக்கும் கட்டுக்கழுத்தி, தாலியறுத்தவளைப் போல மொட்டைத் தலையோடு வாசலில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "இன்னாம்மா இது, நான் பெத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கச்சொல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, "கூழ் ஊத்தட்டா மாமா?" என்று கேட்டாள். அவருக்கும் பசிதான். உட்கார்ந்தார். அடுத்த தெருக்காரிகள் ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மச்சான் கட்டுப்போட்ட தோளோடு வந்து எங்கள் மூன்று பேர் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தன் தலையையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

அவளுக்குத் திரும்ப முளைத்தது அடர்த்தியாக வந்தது. எனக்கு முளைத்தது முளைத்தவரைதான். உச்சியில் ஒரு வட்டம் அப்படியே நின்றுவிட்டது. குடுமி என்று பேருக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். இன்னமும் மாதத்துக்கு ஒருமுறை அதில் கொஞ்சம் கையோடு வரும். தண்ணீரில் உதறிவிட்டுச் சுக்கானைப் பிடித்துக்கொள்வேன்.

மலையிலிருந்து வந்த மறுநாள் நடந்ததுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடிந்து, வெயில் கூரை இடுக்கால் இறங்கி அவள் மொட்டைத் தலையில் விழுந்த பிறகும் அவள் தூங்கினாள். பிள்ளை அவள்மேல் ஏறி மிதித்தது. அப்போதும் எழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குடத்தையும் எடுத்துக்கொண்டு நான் ஊற்றுக்குப் போனேன்.